ரசிகர்கள் சண்டை போடட்டும்

சென்னையில் சொந்தப் பாட்டு பாடும் குழு ஒன்று மேடையேறுகிறது என்றால் அது பெரும்பாலும் நுங்கம்பாக்கமாகவோ ஆழ்வார்பேட்டையாகவோ அடையாறாகவோ இருக்கும். தப்பினால் கிழக்குக் கடற்கரைச் சாலை. அந்தக் குழுவின் பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு திரிகிற இளைஞர்களில் பலர் குடியிருப்பது சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் என்று வாடகை கொஞ்சமாவது தாங்கக்கூடிய பகுதிகளில். ஒன்பது மணிக்குச் சூடுபிடிக்கும் நிகழ்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு மின்ரயிலுக்கு ஓட வேண்டும். தாம்பரத்தில் இறங்கிய பிறகு கேம்ப் ரோடு தாண்டிப் போக ஷேர் ஆட்டோ கிடைக்குமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். வாடகைக் கார் பிடித்தால் நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்ததைவிட அது கூடுதலாகிவிடும். ஆகவே செம்பாக்கத்து ராக் ரசிகருக்கு அரங்கம் என்பது கைபேசிதான். ஆல்பம் வருவதும் அதில்தான், அதைப் பற்றிய பேச்சு நடப்பதும் அதில்தான். அந்தப் பேச்சைப் பற்றித்தான் எனக்கு மனத்தாங்கல்.

சினிமாப் பாட்டுக்கு ரசிகரின் பேச்சு ஒரு கூடுதல் வரவு, அவ்வளவே. அதைக் கொண்டுசேர்க்க முன்னோட்டம் இருக்கிறது, பண்பலை இருக்கிறது, இசை வெளியீட்டு விழா இருக்கிறது, நடிகரின் ரசிகர் மன்றம் இருக்கிறது. தனியாக ஆல்பம் போடுகிறவருக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ‘ஹவ் டு நேம் இட்’ (1986), ‘நத்திங் பட் விண்ட்’ (1988) இரண்டும் சினிமாவுக்கு வெளியே வந்த ஒலிநாடாக்கள்தான். ஆனால் இளையராஜா என்ற பெயர் அவற்றை வீடுகளுக்குள் கொண்டுபோனது. பெயரில்லாத குழுவுக்கு ஒரே வழி, கேட்டவர் கேட்காதவரிடம் சொல்வது. ‘கபாலி’யின் (2016) ‘மாய நதி’யைப் பாடிய குரல்களில் ஒன்று பிரதீப் குமாருடையது என்று தெரிந்தவர்கள் ஏராளம். அதே பிரதீப் குமாருக்கு ‘ஊர்கா’ என்று ஒரு தமிழ் ராக் குழு உண்டு என்பது அதில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்களுக்கும் யாரோ ஒரு நண்பர் சொல்லித்தான் தெரிந்திருக்கும்.

அந்த நண்பர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். புது ஆல்பம் வந்த இரவில் இணையத்தில் குவிவது ‘செம’, ‘வேற லெவல்’, தீப்பிழம்புப் படம் மூன்று. மறுநாள் அடுத்த ஆல்பத்துக்கும் அதே. நம்ம பசங்க கையிலிருக்கும் காசைப் போட்டுச் செய்கிறார்கள், அவர்களைப் போய்க் குறை சொல்வதா என்ற நல்லெண்ணம் இதன் அடியில் இருக்கிறது. எனக்கு அந்த நல்லெண்ணத்தின் மேல் நம்பிக்கை இல்லை. இரண்டாவது பாட்டில் குரல் கிட்டாருக்கு அடியில் புதைந்துவிட்டது, நான்காவது பாட்டு ஒன்றரை நிமிடம் அதிகம், கடைசிப் பாட்டுக்காக மட்டுமே இதை வாங்கலாம் என்று ஒருவர் எழுதினால், அதைப் படிக்கிற மூன்றாமவர் அந்தக் கடைசிப் பாட்டைத் தேடிக் கேட்பார். ‘வேற லெவல்’ என்று படிப்பவர் எதைத் தேடுவார்? எல்லா ஆல்பமும் வேற லெவல் என்றாகிவிட்டால் கேட்கத் தொடங்க எந்த வாசலும் திறப்பதில்லை. குழுவுக்கும் லாபமில்லை, அடுத்த பதிவில் எதைத் திருத்துவது என்று யாரும் சொல்லவில்லையே.

தமிழ் ரசிகருக்கு விமர்சனம் வராது என்று சொல்ல முடியாது. தொலைபேசி வழியே மோடம் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த 1990களின் பிற்பகுதியிலேயே தமிழ்த் திரையிசை ரசிகர்கள் இணையத்தில் போட்ட சண்டைகள் பிரசித்தம். அமெரிக்காவில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவரும் மயிலாப்பூரில் வீணை கற்றவரும் ஒரே இடையிசையை எடுத்துவைத்துக்கொண்டு, இந்த இடத்தில் வருவது எந்த ராகம், அந்நிய ஸ்வரம் எங்கே நுழைகிறது, பேஸ் கிட்டார் தனி வழியில் போவது ஏன் என்று வாரக்கணக்கில் வாதாடினார்கள். ராஜா கட்சி, ரகுமான் கட்சி என்று பிரிந்து வைதுகொண்டதும் உண்டுதான். ஆனாலும் அந்தச் சண்டைகளில் கலந்துகொண்டவர்கள் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்குத் திரையிசை பற்றித் தமிழில் வரும் உருப்படியான கட்டுரைகளில் தெரியும் காது, பெரும்பாலும் அந்தக் களத்தில் தீட்டப்பட்டதுதான். அதே தமிழர்கள் சுயாதீன ராக் ஆல்பம் என்றதும் விருந்தாளி வீட்டுச் சாப்பாட்டைப் புகழ்வதுபோல மரியாதையாகி விடுகிறார்கள்.

வெளியுலகில் இதன் மறுகோடியும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்த ரையன் ஷ்ரைபர் என்ற இளைஞர் 1990களின் நடுவில் தொடங்கிய ‘பிட்ச்ஃபோர்க்’, ஆல்பங்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று தசமப் புள்ளியோடு மதிப்பெண் போட்டது. 2000இல் ரேடியோஹெட்டின் ‘கிட் ஏ’வுக்குப் பத்துக்குப் பத்து. 2004இல் பாடகர் டிராவிஸ் மோரிசனின் தனி ஆல்பத்துக்குச் சுத்தமான பூஜ்யம்; அந்தப் பூஜ்யம் அவருடைய தனிப்பயணத்தையே முடக்கிப்போட்டது என்று பிற்பாடு பேசப்பட்டது. மதிப்பெண் அட்டை வழங்கும் அதிகாரம் ஒரே கையில் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். அது நமக்கு வேண்டாம். அப்பேர்ப்பட்ட பிட்ச்ஃபோர்க்கே கைமாறி, 2024 ஜனவரியில் ஓர் ஆண்கள் இதழோடு இணைக்கப்பட்டது. நான் கேட்பது நூறு பேர் நூறு விதமாகக் காரணத்தோடு பேசுவதை.

பேச்சு சோறு போடுமா என்று கேட்கலாம். ஷெஃபீல்டின் ‘ஆர்க்டிக் மங்கீஸ்’ பையன்கள் நிகழ்ச்சிகளில் இலவசமாகக் கொடுத்த குறுந்தகடுகளை ரசிகர்கள் இணையத்தில் ஏற்றிப் பரப்பினார்கள். 2006 ஜனவரியில் முதல் ஆல்பம் வந்தபோது பிரிட்டனில் ஒரே வாரத்தில் 3.6 லட்சம் பிரதிகள் விற்றன. அது ஆங்கில உலகம், பெரிய சந்தை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் நம் அளவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு கடந்த 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்கு உரிமத்தொகை. 50 பேர் ஆளுக்கு 20 தடவை கேட்டால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். ஒரு கல்லூரி விடுதியின் இரண்டு தளங்களில் இருக்கும் கூட்டம் அது. தாண்டியபின் வரும் தொகை சொற்பம் என்பது வேறு விஷயம். தாண்டாதவருக்கு அதுவும் இல்லை. நேரடியாகக் காசு கொடுத்து வாங்க பேண்ட்கேம்ப் போன்ற இடங்கள் உண்டு. டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காட்டையும் பணம் கைமாற்றும் கட்டணத்தையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குழுவிடம் தருகிறார்கள். ஆனால் அங்கே பணம் கைமாறுவது பேபால் வழியே. பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளான பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டதால், அந்த வழியில் டொராண்டோக்காரரால் சென்னைக் குழுவுக்குப் பணம் அனுப்ப முடிகிறது, சேலையூர்க்காரரால் முடிவதில்லை. பக்கத்து ஊர்க்காரர் கொடுக்கக்கூடியது பல நேரம் காதும் வாயும்தான்.

ரசிகர்களின் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் வீட்டிலேயே சான்று இருக்கிறது. 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யைச் சுயாதீன இசையின் வெற்றி என்று எல்லோரும் கொண்டாடினோம். ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் இந்தியப் பதிப்பு, அதைப் பாடிய தீயையும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலையும் அட்டையில் போட்டது. அந்தப் பாட்டை எழுதி உடன் பாடிய அறிவு அட்டையில் இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் கேள்வி எழுப்பினார். அதன்பின் இணையத்தில் மூண்ட வாக்குவாதத்தில் ரசிகர்கள் பாட்டைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தார்கள். வரி யாருடையது, மெட்டு எங்கிருந்து வந்தது, தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய ஒரு பாட்டியின் நினைவு பாட்டுக்குள் எப்படி வந்தது, தயாரிப்பாளரின் பங்கு எங்கே முடிகிறது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு மேடையேறியபோது சண்டை மறுபடி வெடித்தது. அறிவு, தீ, பாட்டைத் தயாரித்த சந்தோஷ் நாராயணன் மூவரும் தத்தம் தரப்பை எழுத்தில் வைக்க வேண்டியதாயிற்று. 2024இல் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று சொன்னதும் அதன் தொடர்ச்சியே. பேச்சில் வசை இருந்தது, சாதிக் காழ்ப்பும் இருந்தது. இருந்தாலும் ஒரு பாட்டில் யார் என்ன செய்தார் என்ற கேள்வி, தமிழில் இவ்வளவு பேர் வாயில் அதற்கு முன் புரண்டதில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சண்டை பெருமளவு தமிழில் நடந்தது. சென்னை ராக் ரசிகர்களின் வழக்கமான உரையாடல் ஆங்கிலத்தில், அல்லது ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில். எஃப்-16ஸ் மாதிரி ஆங்கிலத்தில் பாடும் குழுவைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவது இயல்பு. அவர்களுடைய கேட்பவர்கள் பம்பாயிலும் இருக்கிறார்கள். ஆனால் டென்மாவும் கபேர் வாசுகியும் சேர்ந்த ‘குரங்கன்’ தமிழில் பாடுகிறது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை கண்ட ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் நிறுத்தி இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாடியது. எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் ஆங்கிலவழிப் பள்ளிப் பிள்ளைகளின் சங்கதி என்ற எண்ணத்தை அந்த ஒரு மாலை அசைத்தது. பாட்டு இறங்கி வந்த அளவுக்குப் பாட்டைப் பற்றிய பேச்சு இறங்கி வரவில்லை. கூடுவாஞ்சேரியிலோ செங்கல்பட்டிலோ இருக்கும், தமிழில் படித்துப் பழகிய ஒரு பெண் டிரம்ஸ் சத்தத்தில் மயங்கி மேலே தெரிந்துகொள்ள விரும்பினால், தமிழ் எழுத்தில் தேடிப்பார்த்துக் கிடைப்பது மிகக் கொஞ்சம்.

கிடைப்பதும் நிற்பதில்லை. மைஸ்பேஸ் 2015க்கு முன் ஏற்றப்பட்ட பாட்டுகளை, வேறு இடத்துக்கு மாற்றும்போது தொலைத்துவிட்டதாக 2019இல் ஒப்புக்கொண்டது. போனவை 5 கோடிப் பாட்டுகள் வரை இருக்கும் என்று சொல்லப்பட்டது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. யாஹூ குழுமங்களில் சேர்ந்திருந்த பழைய உரையாடல்கள் 2019 டிசம்பரோடு போயின. 2000களில் வளர்ந்த சென்னை ராக் தலைமுறையின் முதல் பதிவுகளும் முதல் சச்சரவுகளும் கிடந்தவை இந்த மாதிரி இடங்களில்தான். அதற்கு முந்தைய நிலைமை இன்னும் மோசம். ஏ.ஆர்.ரகுமான் சினிமாவுக்கு வருமுன் சென்னையில் ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவை நடத்தியவர். ஒவ்வொரு வாழ்க்கைக் குறிப்பிலும் அந்தப் பெயர் வரும். அந்தக் குழு எப்படி ஒலித்தது, கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று அந்தக் குறிப்புகளில் ஒரு வரியும் இருக்காது. உலகப் புகழ் பெற்ற ஒருவருக்கே இந்தக் கதி என்றால் மற்றக் குழுக்களைச் சொல்ல வேண்டியதில்லை. 1993இல் அலகாபாத்தில் அமித் சைகல் தொடங்கிய ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ அச்சில் வந்ததால் அதன் பழைய இதழ்களையாவது யாராவது பரணில் வைத்திருப்பார்கள்.

சட்டமும் கைகொடுக்காது. 1954இல் வந்த நூல் ஒப்படைப்புச் சட்டப்படி அச்சாகும் புத்தகத்தின் பிரதி நம் கன்னிமாரா நூலகத்துக்குப் போயாக வேண்டும். பிறகு செய்தித்தாள்களும் பருவ இதழ்களும் அதில் சேர்க்கப்பட்டன. இசை ஆல்பம் அதில் அடங்காது. ஒரு கவிதைத் தொகுப்பு 200 பிரதி அச்சானாலும் அரசு அதைக் கேட்டு வாங்கும். ராக் ஆல்பத்தை அது சீந்தாது. அச்சுலகத்திலும் சட்டம் மட்டும் காப்பாற்றவில்லை. நாடக நோட்டீஸ், சில்லறைக் காசுக்கு விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகம் போன்ற, யாரும் மதிக்காத தாள்களையெல்லாம் சேர்த்துவைத்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனிமனிதர், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். 1992இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரத்தின் மேல் 1994இல் உருவானதுதான் இன்று தரமணியில் இருக்கும் ஆய்வு நூலகம்.

இசைக்கு இந்தக் காரியத்தைச் செய்ய எங்கள் தாம்பரம் பகுதியில் தோதான இடம் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. அதன் ‘டீப்வுட்ஸ்’ விழா மேடையில் ஏறி இறங்கிய மாணவக் குழுக்களுக்குக் கணக்கில்லை. இனி அங்கே ஒரு பதிவேடு வைத்தால் போதும்: எந்தக் குழு, எந்தத் தேதி, எந்தச் சொந்தப் பாட்டு, யார் எதை வாசித்தார் என்று ஒரு பக்கம். அரங்கில் இருந்த நாலைந்து மாணவர்கள் அதைப் பற்றித் தமிழில் முரண்பட்டு எழுதியது இன்னொரு பக்கம். கூடவே ஒலிப்பதிவு, கல்லூரி நூலகத்தின் பட்டியல் எண்ணோடு. இதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி எதுவும் வேண்டியதில்லை. ஒரு மாணவர் மன்றமும் ஒரு வன்தட்டும் இருந்தால் அடுத்த விழாவிலேயே தொடங்கலாம்.