செய்தியும் செலாவணியும்

ஒரு தேசத்து நாணயத்தின் மாற்று விகிதம் அதன் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கைப் பொறுத்தது என்று பொருளாதார நூல்கள் கூறுகின்றன. நீண்ட காலத்தை நோக்கின் அது உண்மையே. ஆயினும் நாள்தோறும் அவ்விகிதம் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் செய்தியினாலேயாம். 2013-ஆம் வருஷத்தில் இதை நம் நாட்டார் பிரத்தியட்சமாகக் கண்டனர்.

அவ்வருஷம் மே மாதம் 22-ந் தேதி அமெரிக்க மத்திய பாங்கியின் தலைவர் பென் பெர்னான்கி அந்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டியின் முன் தோன்றினார். அப்பாங்கி மாதந்தோறும் 8,500 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களை வாங்கி வந்த காலம் அது. அடுத்து வரும் கூட்டங்களில் இத்தொகை குறைக்கப்படலாம் என்று ஒரு வினாவுக்கு விடையாக அவர் கூறினார். குறைத்தாரில்லை, குறைக்கலாம் என்றார், அவ்வளவே. அப்பொழுது டாலருக்கு 55 ரூபாயை ஒட்டியிருந்த விகிதம் ஆகஸ்டு 28-ந் தேதி 68 ரூபாயைத் தாண்டிற்று.

அமெரிக்காவில் வட்டி உயருமென்று தோன்றியவுடன், இங்கே தங்கியிருந்த அன்னிய மூலதனம் மூட்டை கட்டிற்று. பிரேஸில், துருக்கி முதலிய தேசங்களும் அடிபட்டன. 2012-13-இல் நமது நடப்புக் கணக்குப் பற்றாக்குறை தேசத்தின் மொத்த உற்பத்தியில் 4.8 சதவிகிதம். அன்றாடச் செலவுக்குப் பிறர் பணத்தை நம்பியிருக்கும் வீட்டில் வதந்திக்கும் வலிமை அதிகமன்றோ!

இதனினும் கவனிக்கத்தக்கது நமது அதிகாரிகளின் செய்கை. ஆகஸ்டு 14-ந் தேதி, இந்தியர் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தின் உச்ச வரம்பை ஆளொன்றுக்கு 2,00,000 டாலரிலிருந்து 75,000 டாலராக ரிசர்வ் பாங்கி குறைத்தது. ரூபாயைக் காக்க வந்த அவ்வுத்தரவே ரூபாய்க்குப் பகையாயிற்று. இன்று இந்தியருக்குத் தடை விதித்தவர் நாளை நமக்கும் விதிப்பரோ என்று அன்னிய முதலாளிகள் அஞ்சினர். அம்மாத இறுதியில் சிரியாவின் மீது அமெரிக்கா படையெடுக்குமென்ற பேச்சு எண்ணெய் விலையை உயர்த்திற்று. 26-ந் தேதி லோக் சபையில் உணவுப் பாதுகாப்பு மசோதா நிறைவேறியதும் சர்க்கார் செலவு பெருகுமென்று சந்தை கலங்கிற்று. பசித்தவனுக்குத் தானியம் அளிக்கும் சட்டத்தைக் கண்டு செலாவணி வியாபாரிகள் நடுங்குவது நமக்கு உவப்பானதன்று. எனினும் சந்தை தர்ம நியாயம் பார்ப்பதில்லை. நாளை டாலர் கேட்போர் யார், கொடுப்போர் யார் என்று மட்டுமே பார்க்கிறது.

28-ந் தேதி மாலை, எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வேண்டிய டாலரைத் தானே நேரில் தருவதாக ரிசர்வ் பாங்கி அறிவித்தது. மிகப் பெரிய கொள்வோர் சந்தையினின்று விலகவே, மறுநாளே ரூபாய் நிமிர்ந்தது.

செப்டம்பர் 18-ந் தேதி, எல்லோரும் எதிர்பார்த்த குறைப்பு இப்பொழுது இல்லையென்று வாஷிங்டன் சொல்லிற்று. ரூபாய் துள்ளி எழுந்தது. டிசம்பர் 18-ந் தேதி குறைப்பு மெய்யாகவே அறிவிக்கப்பட்டது. ரூபாய் ஏறக்குறைய அசையவில்லை. அதற்குரிய விலையைச் சந்தை முன்னரே செலுத்திவிட்டது. ஆதலின் எதிர்பாராத செய்தியே விகிதத்தை அசைப்பது.

1927-இல் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸின் ஆட்சேபத்தைப் புறக்கணித்து ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று விதித்தது அன்னிய ஆட்சி. 1931-இல் அதை ஸ்டெர்லிங்குடன் பிணைத்ததும் லண்டனின் கட்டளையே. இன்று கட்டளை இல்லை. வாஷிங்டனில் உதிரும் ஒரு சொல் போதுமானதாயிருக்கிறது. அச்சொல்லுக்கு நாம் கொடுத்த விலையும் சிறிதன்று. வெளிநாட்டு இந்தியரின் டாலர் டெபாசிட்டுகளைத் திரட்டும் பாங்கிகளுக்கு, ரூபாயின் எதிர்கால வீழ்ச்சியால் வரும் நஷ்டத்தை வருஷத்துக்கு 3.5 சதவிகிதக் கட்டணத்தில் ரிசர்வ் பாங்கி தானே ஏற்றது. சந்தையில் அக்கட்டணம் இதனினும் மிக அதிகம். இவ்வழியில் வந்த ஏறக்குறைய 2,600 கோடி டாலர் 2016-இல் திருப்பித் தரப்பட்டது. கட்டண வித்தியாசம் பொதுஜனங்களின் தலையில் விழுந்தது.