அந்தத் தில்லானா யாருடையது?

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் பக்கத்து வீட்டுக் குட்டிப் பெண்ணின் நடன நிகழ்ச்சி. கடைசி உருப்படி தில்லானா. ராகம் மோகனகல்யாணி என்று மைக்கில் சொன்னார்கள். இயற்றியவர் பெயர் மட்டும் வரவில்லை. "லால்குடி தில்லானாப்பா இது" என்று பக்கத்து நாற்காலி மாமா தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். எனக்கு லால்குடி என்றால், ரயிலில் ஸ்ரீரங்கத்தைத் தாண்டியதும் கொஞ்ச நேரத்தில் வரும் ஸ்டேஷன். அவ்வளவுதான்!

மாமா சொன்னது வயலின் மேதை லால்குடி ஜி.ஜெயராமனை. 1930-ல் பிறந்து, 2013-ல் மறைந்தவர். அப்பா கோபால ஐயர்தான் குரு. முன்னோரான ராமய்யர், தியாகராஜரின் நேரடி சீடர். தியாகராஜர் லால்குடிக்கு வந்து, சப்தரிஷீஸ்வரர் கோயில் சுவாமி, அம்பாள் மேல் ஐந்து கிருதிகள் பாடியிருக்கிறார். லால்குடி பஞ்சரத்னம் என்று இன்றைக்கும் கச்சேரிகளில் பாடுகிறார்கள்.

12 வயதில் பக்கவாத்தியக்காரராக மேடையேறியவர், அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி. என ஜாம்பவான்களுக்கு வாசித்தார். பத்மஸ்ரீ, பத்மபூஷண் எல்லாம் வந்தன. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் அவர் வந்து சேருவது, அவர் உருவாக்கிய வர்ணங்கள், தில்லானாக்கள் வழியாகத்தான். சாருகேசி வர்ணம் ஆடாத நடனப் பள்ளி உண்டா? 'அங்கயற்கண்ணி' வர்ணத்தில் ஒன்பது ரசங்களுக்கும் ஒன்பது ராகங்கள். அபிநயம் கற்கும் பிள்ளைக்கு அதுவே ஒரு பாடப்புத்தகம்.

தில்லானாவில் பெரும்பாலும் ஜதிச் சொற்கள்தான். சாகித்யம் கடைசியில் சில வரிகள் எட்டிப் பார்க்கும், அதற்குள் கைதட்டல் தொடங்கிவிடும். யார் போட்ட மெட்டு என்று கேட்க யாருக்கு நேரம்?

வாத்தியாராகவும் அவர் வித்தியாசமானவர். வயலின் பாட வேண்டும் என்பதே அவர் பாணி. பாட்டில் சொல் எங்கே பிரிகிறதோ, அதை அனுசரித்துத்தான் வில்லும் திரும்ப வேண்டும். அதனால்தானோ என்னவோ, வயலின்காரரிடம் வாய்ப்பாட்டுக்காரர்களும் கற்றுக்கொள்ள வந்தார்கள். பாம்பே ஜெயஸ்ரீ, சாகேதராமன் இருவரும் அவருடைய சீடர்கள். 'லைஃப் ஆஃப் பை' படத் தாலாட்டுக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டாரே, அதே ஜெயஸ்ரீதான். வயலினில் விட்டல் ராமமூர்த்தி. வீட்டிலேயே மகன் கிருஷ்ணன், மகள் விஜயலட்சுமி.

75 வயதை ஒட்டி சினிமா பக்கமும் வந்தார். தேவதாசிப் பெண்ணின் கதையான 'சிருங்காரம்' படத்துக்கு இசையமைத்து, சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருதும் வாங்கினார்.

அன்று ராத்திரியே குட்டிப் பெண்ணின் அம்மா ரீல்ஸ் போட்டுவிட்டார். "அக்கா, இயற்றியவர் பேரையும் போடுங்களேன்" என்று மெசேஜ் அனுப்பினேன். காலையில் பார்த்தால் 'லால்குடி' என்று சேர்த்திருக்கிறார்... லொகேஷனில்! இன்னொரு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன்.