சுவரில் ஒரு படவரிசை



ஆட்டிசம் உள்ள குழந்தையைக் கோவிலுக்கு அழைத்து வரப் பல பெற்றோர் அஞ்சுகின்றனர். திருப்பலி நடுவே குழந்தை வீறிட்டால் அருகிலிருப்போர் ‘வளர்த்த இலட்சணம்’ என்று முணுமுணுப்பர். தாய் நாணத்தால் குழந்தையைக் கிள்ளுவாள். குழந்தையோ அடம் பிடிக்கவில்லை. அடுத்து என்ன நேரும் என்றறியாது திகைக்கிறது. 1943-இல் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைக் கண்டு இந்நிலையை விவரித்தபோதே, வழக்கம் சிறிது மாறினாலும் அவர்கள் பெரிதும் கலங்குவதைக் குறித்துள்ளார்.

‘குளி, சாப்பிடு, சட்டையைப் போடு, வண்டி வந்துவிடும்’ என்று நாம் ஒரே மூச்சில் அடுக்கும் சொற்கள் காற்றோடு போய்விடும். படம் நிற்கும். அமெரிக்காவில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் 1972-இல் நிறுவிய ‘டீச்’ திட்டம், அன்றாடச் செயல்களைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டும் முறையை உலகறியச் செய்தது. சிலுவைப்பாதையின் 14 நிலைகளைச் சுவரில் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதுமையன்று!

நம் நாட்டில் 2005-இல் முட்டுக்காட்டில் மத்திய அரசு பல்வகை ஊனமுற்றோருக்கென ஒரு தேசிய நிறுவனத்தை அமைத்தது. வ. புதுப்பட்டியிலிருந்து அது நெடுந்தொலைவு. ஆயினும் ஒரு படவரிசைக்கு அத்தனை தூரம் செல்ல வேண்டுவதில்லை. பழைய காலண்டர் அட்டை ஒன்று போதும். குழந்தையின் சொந்தத் தட்டு, சோப்பு, செருப்பு, பள்ளி வண்டி ஆகியவற்றைக் கைபேசியில் படமெடுத்து, அச்சிட்டு, மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். முடிந்த செயலின் படத்தைக் குழந்தையே எடுத்து உறையில் இடட்டும். படம் விளங்காத குழந்தைக்குப் பொருளையே கையில் கொடுங்கள்: சோப்பு என்றால் குளியல். வண்டி வராத நாளில் அப்படத்தை அகற்றி, வேறொன்றை அதன் கண்ணெதிரே முன்னதாக வையுங்கள்.

சிலர் இப்பலகையைப் பிரம்பாக்கிவிடுகின்றனர். குறும்பு செய்தது என்று ஊஞ்சல் படத்தைப் பிடுங்கினால், குழந்தை அப்பலகையை இனி எப்படி நம்பும்? ‘சரியாகிவிட்டான், இனி எதற்கு?’ என்று கழற்றுவோரும் உளர். நாற்பது வயதிலும் நாம் கடிகாரத்தைக் கழற்றவில்லையே!

கோவிலுக்கும் ஆறு படங்கள் போதும்: சிலுவை அடையாளம், வாசகம், காணிக்கை, சமாதானம், நற்கருணை, வீடு. கடைசிப் படத்தை மறந்துவிடாதீர்கள். எப்போது முடியும் என்பதே குழந்தையின் பெருங்கேள்வி. பீடத்தையும் மணியையும் படமெடுக்க விரும்புவோர், கோவிலில் ஆளில்லாத வார நாள் மாலையில் குழந்தையோடு வரலாம். மணியை அது தானே ஒருமுறை அடித்துப் பார்க்கட்டும்.