161 பேர் படித்த பள்ளி, 40,000 பேர் திரண்ட ஊர்

1954 மார்ச் 20, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் பட்லர் பல்கலைக்கழகத்தின் உள்ளரங்கம். சுமார் 15,000 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே ஒரு பையன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறான். தட்டவில்லை, ஓடவில்லை, எறியவில்லை. ஒரு நிமிடம் போகிறது, இரண்டு நிமிடம் போகிறது. நான்கு நிமிடங்களைத் தாண்டியும் அப்படியே நிற்கிறான். அவனுடைய அணி முன்னிலையில் இருந்தால்கூடப் புரிந்துகொள்ளலாம். 26-28 என்று பின்தங்கி அல்லவா இருக்கிறது!

அந்தப் பையன் பெயர் பாபி பிளம்ப். ஊர், இண்டியானா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் மைலன். இத்தாலியின் மிலான் நகரத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், எழுத்தும் அதேதான். ஆனால் உள்ளூர்க்காரர்கள் ‘மைலன்’ என்றுதான் சொல்வார்கள். மக்கள்தொகை அப்போது 1,150 அளவில். உயர்நிலைப் பள்ளியில் மொத்தம் 161 மாணவர்கள். பையன்கள் மட்டும் என்று எண்ணினால் அதிலும் பாதிதான்.

எதிரே நின்றது மன்சி சென்ட்ரல். மைலனைப் போலப் பத்து மடங்கு பெரிய பள்ளி. அதற்கு முன்பே நான்கு முறை மாநிலப் பட்டம் வென்ற அணி. இப்படி இரண்டு பள்ளிகள் ஒரே இறுதி ஆட்டத்தில் எப்படி மோதின என்ற கேள்வி வரும். இண்டியானாவில் அன்றைக்கு அதுதான் முறை. 1911-ல் தொடங்கிய மாநிலப் போட்டியில் பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற பிரிவே கிடையாது. எல்லோருக்கும் ஒரே பட்டம். ஒரு ஆட்டம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1954-ல் அப்படி இறங்கிய பள்ளிகள் 751.

பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றது பயிற்சியாளர் மார்வின் உட் போட்ட திட்டம். அவருக்கு அப்போது வயது 26. பெரிய அணியோடு வேகத்துக்கு வேகம் ஓடினால் தாங்காது. ஆட்டத்தை மெதுவாக்கு, கடைசி நிமிடங்களுக்குத் தள்ளு என்பது கணக்கு. இத்தனை விநாடிக்குள் எறிந்தே ஆகவேண்டும் என்ற விதி அந்தப் பள்ளி ஆட்டங்களில் இல்லை. கடைசியில் 30-30 என்று சமநிலை. மிச்சமிருந்தது சில விநாடிகள். மற்ற நால்வரும் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ள, பிளம்ப் தன்னை மறித்தவனைத் தாண்டி வலப்பக்கம் நகர்ந்து, சுமார் பதினைந்து அடியிலிருந்து எறிந்தான். 32-30.

இதுவரை சொன்னது ஆட்டம். ஊர் என்ன செய்தது என்பதுதான் அதைவிட ருசியான கதை.

மைலனில் கார் வியாபாரி ஒருவர் இருந்தார். போட்டி ஒவ்வொரு கட்டமாக ஏற ஏற, பையன்களை அழைத்துப் போக அவர் கொடுத்த கார்களின் தரமும் ஏறிக்கொண்டே போனது. கடைசிக் கட்டத்துக்குக் கேடிலாக். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள், அன்றைய அமெரிக்காவின் ஆடம்பரத்துக்கு மறுபெயரான காரில் உட்கார்ந்து தலைநகரத்துக்குப் போனார்கள். வென்ற இரவில் ஒரு மோட்டார் சைக்கிள் போலீஸ்காரர் அவர்களுக்கு முன்னால் வண்டியை ஓட்டி, நகரின் நடுவிலுள்ள நினைவுத்தூண் வட்டத்தை, ஒருவழிப் பாதைக்கு எதிர்த்திசையில் சுற்றிக் காட்டினார். போலீஸே விதியை மீறுவதைப் பார்த்து நகரம் கைதட்டியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பும்போது வழிநெடுக ஜனம். பின்னால் வந்த கார்களின் வரிசை மைல் கணக்கில் நீண்டது. 1,150 பேர் வாழும் ஊரில் அன்றைக்குக் கூடியவர்கள் சுமார் 40,000 பேர் என்று கணக்கு சொல்கிறார்கள். எண்ணிப் பார்த்தவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் ஊருக்குள் நுழைய முடியாமல் சாலையோரம் காரை நிறுத்திவிட்டு நடந்தவர்களுக்குக் குறைவில்லை. ‘மாநில சாம்பியன் 1954’ என்று தண்ணீர்த் தொட்டியில் எழுதி வைத்துக்கொண்ட ஊர் அது. அந்த அணிக்கென்று மைலனில் ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது.

ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பந்து விளையாடியதற்கு இவ்வளவா என்று தோன்றலாம். இண்டியானாவின் குளிர்காலத்தை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். அறுவடை முடிந்துவிடும். நிலம் உறைந்து கிடக்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரை விவசாயிக்கு வயலில் பெரிய வேலை கிடையாது. அமெரிக்கக் கால்பந்துக்குப் பதினொரு பேர் வேண்டும்; சின்னப் பள்ளியால் முடியாது. கூடைப்பந்துக்கு ஐந்து பேர் போதும். தொழுவத்துச் சுவரில் ஒரு வளையம் அடித்தால் பயிற்சிக் களம் தயார். பிளம்ப் வளர்ந்த பியர்ஸ்வில் மைலனுக்குப் பக்கத்தில் ஐம்பது பேர்கூட இல்லாத குக்கிராமம். அந்த மாதிரி வளையங்களில் எறிந்து எறிந்துதான் அவன் கை பழகியது.

வெள்ளிக்கிழமை இரவு வெளியே பனி, உள்ளே சூடான ஜிம். ஊரே அங்கேதான். பாட்டி பாப்கார்ன் விற்பார், அப்பா டிக்கெட் கிழிப்பார், தங்கை வாத்தியக் குழுவில் ஊதுவாள். மார்ட்டின்ஸ்வில் என்ற ஊரில் 1924-ல் கட்டிய ஜிம்மில் ஊர் மக்கள் அத்தனை பேரும் உட்கார்ந்தாலும் இடம் மிச்சமிருக்கும் என்பார்கள். பின்னாளில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மிகப் பெரிய பயிற்சியாளராகப் பெயர் வாங்கிய ஜான் உடன் அந்தப் பள்ளிப் பிள்ளைதான். நியூ காசில் ஊரின் பள்ளி அரங்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் உட்காரலாம். உலகத்திலேயே பெரிய பள்ளிக்கூட ஜிம் அதுதான் என்று அவர்கள் பெருமைப்படுவார்கள். நைட்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பள்ளிக்கு ஜிம் இல்லை என்று 1920-களின் தொடக்கத்தில் கடைக்காரர்களும் குடும்பங்களும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போட்டுக் கட்டினார்கள். அந்த ஜிம் இன்றும் நிற்கிறது.

ஊர் கூடித் தேர் இழுப்பதில் சந்தோஷம் இருக்கிறது. ஆனால் தேரின் அடியில் விரல் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. மார்வின் உட்டுக்கு முன்னால் மைலனுக்குப் பயிற்சியாளராக இருந்தவர் ஹெர்மன் கிரின்ஸ்டெட். பையன்கள் அவர்மேல் உயிராக இருந்தார்கள். அனுமதி வாங்காமல் புதுச் சீருடைகளுக்கு ஆர்டர் கொடுத்தார் என்று 1952-ல் அவரை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள். ஊர் கொதித்துப்போனது. அந்தக் கோபத்துக்கு நடுவேதான் 24 வயது உட் வந்து சேர்ந்தார். தோற்றிருந்தால் அவர் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். பதினேழு வயதுப் பையன் ஒரு வளையத்தைத் தவறவிட்டால் திங்கட்கிழமை முடிவெட்டும் கடையில் அதைப் பற்றிக் கேட்பார்கள். கைதட்டும் அதே கைகள்தான்.

இந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. திரைப்படங்களில் அதிகம் வராத பாதி.

இறுதிக் கட்டத்துக்குப் போகும் வழியில் மைலன் 65-52 என்று தோற்கடித்த அணிகளில் ஒன்று, இண்டியானாபொலிஸ் நகரத்தின் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளி. அதில் ஆடிய ஓர் இளைய மாணவனின் பெயர் ஆஸ்கர் ராபர்ட்சன். பின்னாளில் ஒலிம்பிக் தங்கம் வென்று, தொழில்முறைக் கூடைப்பந்தில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராக நின்றவர்.

அட்டக்ஸ், கறுப்பினப் பிள்ளைகளை மற்ற பள்ளிகளிலிருந்து பிரித்து வைப்பதற்கென்றே 1927-ல் திறக்கப்பட்ட பள்ளி. மாநிலப் போட்டியில் சேர்த்துக்கொள்ளவே 1942 வரை காக்க வைத்தார்கள். மற்றவர்கள் ஊர் கூடி ஜிம் கட்டிக்கொண்டிருந்த மாநிலத்தில், இவர்களுக்கு ஆட்டம் நடத்தும் அளவுக்குச் சொந்த ஜிம் கிடையாது. எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டம்தான். வழியில் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடவும் முடியாது.

ஆனாலும் அவர்களுக்கும் ஓர் ஊர் இருந்தது. நகரத்துக்குள்ளேயே ஒரு தனி ஊர். வேறு பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இடம் கொடுக்கப்படாததால், பெரிய பெரிய பட்டம் பெற்ற கறுப்பின ஆசிரியர்கள் அட்டக்ஸில் பாடம் நடத்தினார்கள். தேவாலயம், கடைவீதி, தெருமுனை எல்லாம் அந்தப் பையன்களைத் தங்கள் பிள்ளைகளாகவே பார்த்தன. பயிற்சியாளர் ரே குரோ, ரெஃப்ரி என்ன தீர்ப்பு சொன்னாலும் வாய் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாக இருந்தார். எதிர்த்துப் பேசினால் பழி பள்ளி மீதும் அந்த மக்கள் மீதும் விழும் என்று அவருக்குத் தெரியும்.

1955-ல் அட்டக்ஸ் மாநிலப் பட்டத்தை வென்றது. அத்தனை வருடப் போட்டியில் தலைநகரத்துப் பள்ளி ஒன்று பட்டம் வென்றது அதுவே முதல்முறை. அமெரிக்காவிலேயே கறுப்பின மாணவர்கள் மட்டும் படிக்கும் ஒரு பள்ளி, எல்லோருக்குமான மாநிலப் பட்டத்தை வென்றதும் அதுவே முதல்முறை. நகரம் கொண்டாடியிருக்க வேண்டும், இல்லையா?

தீயணைப்பு வண்டியில் பையன்களை ஏற்றினார்கள். முந்தைய ஆண்டு மைலன் பையன்கள் எதிர்த்திசையில் சுற்றிய அதே நினைவுத்தூண் வட்டத்தை ஒரே ஒரு சுற்றுச் சுற்றினார்கள். அவ்வளவுதான். இறங்கவில்லை, நிற்கவில்லை. நேரே கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலிருந்த பூங்காவுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். நடு நகரத்தில் கூட்டம் சேர்ந்தால் கலவரம் வரும் என்று அதிகாரிகள் பயந்தார்களாம். மைலனுக்காக 40,000 பேர் கூடியபோது யாருக்கும் அந்தப் பயம் வரவில்லை. ராபர்ட்சன் பூங்காக் கொண்டாட்டத்தில் அதிக நேரம் இருக்கவில்லை. அப்பாவின் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த இரவின் காயத்தைப் பல பத்தாண்டுகள் கழித்தும் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு அட்டக்ஸ் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் மறுபடியும் பட்டம் வென்றது.

மைலன் கதையை அடிப்படையாக வைத்து 1986-ல் ‘ஹூசியர்ஸ்’ படம் வந்தது. ஜீன் ஹேக்மேன் பயிற்சியாளராக நடித்தார். ஊருக்கு ஹிக்கரி என்று பெயர் மாற்றினார்கள். நைட்ஸ்டவுன் மக்கள் காசு போட்டுக் கட்டிய அந்த ஜிம்தான் படத்தில் ஹிக்கரியின் ஜிம். இறுதிக் காட்சியில் எதிரணியின் பயிற்சியாளராக ஒரு கறுப்பினத்தவர் தெரிவார். அவர் வேறு யாருமில்லை, நிஜமான ரே குரோதான். இரண்டு மாநிலப் பட்டங்களை வென்று கொடுத்த மனிதர், சினிமாவில் தோற்கும் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார்.

மைலனைப் போன்ற ஊர்களுக்கு வேறொரு இழப்பு காத்திருந்தது. 1959-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு சின்னச் சின்னப் பள்ளிகளை ஒன்றாக இணைத்தார்கள். ஆய்வகம், நல்ல ஆசிரியர், செலவுக் குறைப்பு என்று அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. ஆனால் பள்ளி போனால் அணி போகும். அணி போனால் வெள்ளிக்கிழமை இரவு போகும். 1954-ல் 751 ஆக இருந்த அணிகள் 1997-ல் 382. அந்த ஆண்டோடு, எல்லோருக்கும் ஒரே பட்டம் என்ற முறையையும் நிறுத்தி, மாணவர் எண்ணிக்கையை வைத்து நான்கு பிரிவுகளாக்கிவிட்டார்கள். சின்னப் பள்ளிகளுக்கு வெற்றி வாய்ப்பு தருவதற்காகத்தான் என்றார்கள். சின்னப் பள்ளியில் ஆடி வென்ற பாபி பிளம்ப்தான் அதை முன்னின்று எதிர்த்தார்! கூட்டம் குறைந்தது. பக்கத்து ஊரோடு மோதிய காலம் போய், எங்கோ தூரத்திலுள்ள அதே அளவுப் பள்ளியோடு ஆட வேண்டியிருந்தால் யார் காரை எடுப்பார்கள்? பட்டங்கள் நான்கு மடங்கானதால் மகிழ்ந்த ஊர்களும் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிளம்ப் 1990-களில் இண்டியானாபொலிஸில் ஒரு உணவகம் திறந்தார். பெயர், ‘பிளம்பின் கடைசி எறி’.

2015-ல், இண்டியானாபொலிஸின் புகழ்பெற்ற கார் பந்தயத்தை ஒட்டி நடக்கும் ஊர்வலத்தில் 1955-ம் ஆண்டு அட்டக்ஸ் அணியை முதல் மரியாதையோடு அழைத்துப் போனார்கள். அறுபது ஆண்டுகள் தாமதம். சிலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அட்டக்ஸ் மறுபடியும் ஒரு மாநிலப் பட்டம் வென்றது. அந்தப் பையன்களுக்குப் பதக்கம் வழங்க வந்து நின்றவர் ஆஸ்கர் ராபர்ட்சன்.