மேடையில் சொன்ன தேதியை நம்பிக் காத்திருக்க வேண்டாம்

"இப்ப வாங்காதீங்கண்ணே, புது மாடல் வருது. ஆறு மாசம் பொறுங்க." உப்பிலியபுரத்தில் மின்சார வண்டி பற்றிப் பேச்செடுத்தாலே இந்த அறிவுரை வந்துவிடுகிறது. காத்திருந்தால் நல்ல வண்டி கிடைக்கும், விலை இறங்கும், புக்கிங் பணம் தவிர நஷ்டம் ஏதுமில்லை என்று காரணங்களும் சொல்கிறார்கள். இதை நம்பிப் பழைய வண்டியை உருட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அந்த ஆறு மாதக் கணக்கு முதலில் நிற்காது. ஓலா 2021 ஜூலையில் 499 ரூபாய்க்கு முன்பதிவைத் திறந்தது. ஒரே நாளில் ஒரு லட்சம் பேர் பதிந்தார்கள். அக்டோபரில் தருவதாகச் சொன்ன ஸ்கூட்டர் நவம்பருக்குத் தள்ளிப்போய், டிசம்பர் நடுவில்தான் முதல் வாடிக்கையாளர்களின் கைக்கு வந்தது. 2024 ஆகஸ்ட் 15 அன்று ரோட்ஸ்டர் பைக்குகளைக் காட்டியபோதும் இதே கதைதான். ரோட்ஸ்டர் எக்ஸ் 2025 மார்ச்சுக்குள் வந்துவிடும் என்றார்கள். கிருஷ்ணகிரி ஆலையிலிருந்து முதல் வண்டி வெளியே வந்ததே ஏப்ரல் 11-இல். டெலிவரி தொடங்கியது மே மாதக் கடைசியில். ஓலாவை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஏத்தர் தன் முதல் ஸ்கூட்டரை 2016 பிப்ரவரியில் காட்டியது, விற்றது 2018-இல். அதுவும் முதலில் பெங்களூரில் மட்டும். சென்னைக்கு வந்தது 2019-இல். ஹோண்டாவின் மின்சார ஆக்டிவாவும் முதலில் பெங்களூர், டெல்லி, மும்பை என்று மூன்றே நகரங்களுக்குத்தான் வந்தது. மேடையில் அறிவிக்கும் தேதி பெருநகரத்துக்கான தேதி. அங்கிருந்து திருச்சிக்கு வந்து, துறையூரைத் தாண்டி நம்மை எட்டுவதற்கு எந்த நிறுவனமும் தேதி குறிப்பதில்லை.

விலை இறங்கும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. பேட்டரி விலை உலக அளவில் குறைந்துகொண்டுதான் வருகிறது. ஆனால் அரசு மானியம் அதைவிட வேகமாகக் கரைந்தது. 2021 ஜூன் முதல் பேட்டரியின் ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாய் கிடைத்தது. 2023 ஜூனில் அது 10,000 ஆனது, வண்டி விலையில் 15 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்றும் ஆனது. 2024 ஏப்ரலில் ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 10,000, 2025 ஏப்ரலில் 5,000. மலிவாகட்டும் என்று காத்திருந்தவர்கள் இந்த ஒவ்வொரு படியிலும் இழந்தார்கள்.

புக்கிங் பணம் சிறிது, கேட்டால் திரும்பவும் வரும். நஷ்டம் பெட்ரோல் பங்கில் நடக்கிறது. தினம் முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவரின் வண்டி லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் கொடுத்தாலும், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் மாதம் ஆயிரத்தெண்ணூறு ரூபாய் போகிறது. அதே தூரத்துக்கு மின்சார வண்டிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் போதும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகவும் இருக்கிறது. எட்டு மாதம் காத்திருந்தால் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் புகையாகிப் போகிறது.

புது மாடல் என்றாலே நல்ல மாடல் என்பதையும் ஏற்க முடியாது. 2023 செப்டம்பர் முதல் ஓராண்டில் ஓலாவைப் பற்றித் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு 10,644 புகார்கள் வந்ததைச் சுட்டி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நோட்டீஸ் அனுப்பியது. பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. இருக்கட்டும், ஒரு மாடலின் முதல் வண்டிகளில் குறை தெரியவரும்போது பட்டணத்துக்காரர் சர்வீஸ் சென்டருக்குப் போய்விடுவார், நாம் திருச்சிக்கு வண்டியை வேனில் ஏற்ற வேண்டும். சில ஆண்டுகள் ஓடி, பழுது இன்னதென்று மெக்கானிக்குக்குத் தெரிந்த வண்டியே கிராமத்துக்கு ஏற்றது.

அப்படிப்பட்ட வண்டிகள் இப்போதே இருக்கின்றன. ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் ஐக்யூப் 2020 முதல் சாலையில் ஓடுகிறது. சின்ன வெங்காய மூட்டையும் பால் கேனும் ஏற்றுகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியில் வந்த கைனடிக் இ-லூனா உண்டு: இரண்டு கிலோவாட் மணி பேட்டரி, 110 கிலோமீட்டர் என்று சொல்கிறார்கள். சுமையோடு பச்சைமலைப் பக்கம் ஏறினால் அதில் முக்கால் பங்கு கிடைத்தாலே பெரிது. மலைப்பாதையில் தினமும் நெடுந்தூரம் போகிறவர் மின்சார வண்டி என்று பிடிவாதம் பிடிக்கவே வேண்டாம். எக்ஸ்எல் 100 வாங்கலாம். சிறிய பெட்ரோல் வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-இலிருந்து 18 சதவீதமாகிவிட்டது.

இருக்கும் வண்டி நன்றாக ஓடி, தினசரி ஓட்டமும் குறைவாக இருந்தால் தாராளமாகக் காத்திருங்கள். மற்றவர்கள் ஷோரூமில் நிற்கும் வண்டியை, அன்றாடம் ஏற்றும் சுமையோடு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழுது பார்க்கும் ஆள் துறையூரில் இருக்கிறாரா, திருச்சியிலா என்று கேளுங்கள். பேட்டரி உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். பதில் திருப்தியாக இருந்தால் இந்த மாதமே வாங்கிவிடுங்கள்.