ஐஸ் பேக் வியர்க்கட்டும்



போன மாதம் ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். நம் மாநிலத்தில் புதன் என்றாலே தடுப்பூசி நாள். மருந்தாளுநர் அம்மா டீப் ஃப்ரீசரைத் திறந்து, ஐஸ் பேக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசை மேல் இடைவெளி விட்டுப் பரப்பினார். பாறை மாதிரி உறைந்து, மேலே வெண்பனி பூத்திருந்தன. கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் தோளில் நீல நிறக் கேரியரோடு வந்து நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட தவிப்பு முகத்தில் தெரிந்தது.

"அக்கா, சீக்கிரம் குடுங்க. அங்கன்வாடியில புள்ளைங்களோட வந்து காத்திருப்பாங்க."

"இரும்மா. இன்னும் வேர்க்கவே இல்லை."

அரை மணி நேரம் போயிருக்கும். பனி கரைந்து பேக்குகள் மேல் நீர்முத்துகள் அரும்பின. மருந்தாளுநர் ஒன்றைக் காதருகே பிடித்துக் குலுக்கினார். உள்ளே 'களக்' என்று தண்ணீர் புரண்டது. "இப்ப எடுத்துக்க" என்றார். துணியால் துடைத்து, கேரியருக்குள் நான்கு பக்கமும் நான்கு பேக், நடுவில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் மருந்துக் குப்பிகள். மூடி அழுத்தமாக மூடப்பட்டது. செவிலியர் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார்.

அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேச நினைக்கிறேன்.

தடுப்பூசி கெட்டுப்போகும் என்றால் நம் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வெயில்தான். அக்னி நட்சத்திரமும் கரண்ட் கட்டும் பார்த்து வளர்ந்தவர்கள் வேறெப்படி நினைப்போம்? சொட்டு மருந்தும் தட்டம்மை ஊசி மருந்தும் சூடு தாங்காது என்பது உண்மை. ஆனால் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ், ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியாக வரும் பென்டாவேலன்ட் ஆகியவற்றுக்கு இன்னொரு எமனும் உண்டு. அது உறைபனி. இந்த மருந்துகளில் அலுமினிய உப்பு சேர்ந்திருக்கும். மருந்தின் வீரியத்தைத் தூக்கிக் கொடுப்பதே அதுதான். ஒரு முறை உறைந்துவிட்டால் அந்த உப்பு திரிந்து கட்டி தட்டிப்போகும். பிறகு உருக வைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. திரிந்த பாலை மறுபடி பாலாக்க முடியாத கதைதான்.

திரிந்த பால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். உறைந்து உருகிய குப்பியோ பார்வைக்கு நல்ல குப்பி மாதிரியே இருக்கும். ஊசி போடுவார்கள், குழந்தை அழும், அட்டையில் தேதி எழுதுவார்கள், தாய் நிம்மதியாக வீடு திரும்புவாள். பாதுகாப்பு மட்டும் கிடைத்திருக்காது. பாறையாய் உறைந்த பேக்கை அப்படியே கேரியரில் அடுக்கினால் குப்பிகளும் உறையக்கூடும் என்பதால்தான் அந்த அரை மணி நேரக் காத்திருப்பு.

குப்பிகளின் மேல் ஒரு சிறு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூடு ஏற ஏற அந்தச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் குப்பியைக் குப்பைக்கு அனுப்ப வேண்டியதுதான். 1996இல் போலியோ சொட்டு மருந்தோடு உலகம் முழுக்கப் பரவத் தொடங்கிய அற்புதமான ஏற்பாடு அது. ஆனால் அது வெப்பத்துக்கு மட்டுமே சாட்சி சொல்லும். குளிர் செய்த சேதத்தை அந்தச் சதுரம் காட்டாது. சந்தேகம் வந்தால் ஒரே வழி, அதே தொகுதியிலிருந்து ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து, உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது சீக்கிரம் அடியில் படிகிறது என்று பார்ப்பது. 2017இல், பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மருந்துகள் தேவைக்கு மேல் குளிரில் மாட்டியிருந்தது தெரியவந்தது. பணக்கார நாடு, ஏழை நாடு என்ற பெரிய வித்தியாசம் அதில் இல்லை.

ஒரு பழைய கதை. ஐஸ் பெட்டியே இல்லாத காலத்தில் மருந்து எப்படிப் பயணம் செய்தது தெரியுமா? பெரியம்மைத் தடுப்பு மருந்தான அம்மைப்பால் நம் நாட்டுக்கு முதன்முதலில் வந்தது மனிதத் தோலின் வழியாக. ஒருவர் கையில் குத்தி, கொப்புளம் எழுந்ததும் அதிலிருந்து எடுத்து அடுத்தவர் கையில் குத்துவார்கள். இப்படிக் கைக்குக் கை தாவி பாக்தாத், பஸ்ரா வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தது. 1802 ஜூன் 14 அன்று அதைப் பெற்றுக்கொண்டவள் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமி. அவள் கையிலிருந்துதான் நாட்டின் மற்ற ஊர்களுக்குப் போனது. அன்றைக்கு ஒரு குழந்தைக்குக் கொப்புளம் எழாவிட்டால் மொத்தச் சங்கிலியும் அங்கேயே அறுந்திருக்கும்.

இன்றைய சங்கிலி நீளமானது. உற்பத்திச் சாலையிலிருந்து சென்னை, மும்பை, கொல்கத்தா, கர்னால் ஆகிய ஊர்களில் உள்ள மத்திய மருந்துக் கிடங்குகள், பிறகு மாநிலக் கிடங்கு, மண்டலம், மாவட்டம், கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையம். வழி நெடுக, பெரும்பாலான மருந்துகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். ஆண்டுக்கு இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளுக்காக இந்தச் சங்கிலி ஓடுகிறது. 1985இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தின் பெயரில் பாதை போட்டு வைத்திருந்ததால்தான், 2021 ஜனவரியில் கொரோனா ஊசி வந்தபோது அதே பாதையில் அதை ஓட்ட முடிந்தது.

சுகாதார நிலையத்தில் இருக்கும் 'ஐ.எல்.ஆர்' என்ற பெட்டியைப் பார்க்க வேண்டும். ஐஸ்கிரீம் கடைப் பெட்டி மாதிரி மேலே திறக்கும். காரணம் உண்டு: குளிர்காற்று கனமானது, கீழேயே தங்கும்; மூடியைத் திறந்தாலும் கொட்டிப் போகாது. நம் வீட்டு ஃப்ரிட்ஜில் கதவைத் திறந்த கணமே குளிர் காலடியில் வழிந்துவிடும். ஐ.எல்.ஆரின் உட்சுவர் முழுக்கப் பனிக்கட்டிக் கவசம். நாளுக்கு எட்டு மணி நேரம் மின்சாரம் வந்தாலே போதும், மீதி நேரத்தைச் சமாளித்துவிடும். ஆனால் அடித்தளம்தான் அதிகம் குளிரும் இடம். அதனால் உறையக் கூடாத மருந்துகளை மேலே கூடையில் வைக்க வேண்டும். இது தெரியாத ஒருவர் அவசரத்தில் பென்டாவேலன்டை அடியில் அடுக்கிவிட்டால், விலை உயர்ந்த பெட்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே மருந்து செத்துவிடும். சில தனியார் கிளினிக்குகளில் சாப்பாட்டுக் கூடைக்குப் பக்கத்தில், ஃப்ரீசர் தட்டை ஒட்டி ஊசி மருந்து இருப்பதைக் கண்ணால் பார்த்து மனம் பதறியிருக்கிறேன்.

இப்போது 'இவின்' என்ற மின்னணு ஏற்பாடு வந்திருக்கிறது. 2015இல் தொடங்கியது. பெட்டிக்குள் இருக்கும் உணர்கருவி வெப்பநிலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டினால் கைபேசிக்குச் செய்தி வரும். எந்தக் கிடங்கில் எத்தனை குப்பி இருக்கிறது என்பதும் தெரியும். மின்சாரம் நிலையில்லாத ஊர்களுக்கு பேட்டரி இல்லாமலே சூரிய ஒளியில் ஓடும் பெட்டிகள் உண்டு. எல்லாம் வரவேற்க வேண்டியவை.

என் மனக்குறை வேறு. குளிர்சாதனப் பெட்டி வாங்கப் பணம் வந்துவிடுகிறது. திறப்பு விழாவுக்குப் படமும் வந்துவிடுகிறது. அதைப் பழுது பார்க்கும் மெக்கானிக் மாவட்டம் முழுமைக்கும் ஒருவர். அவர் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலி எத்தனை நாள் காலியாக இருக்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை. நள்ளிரவில் கைபேசிக்கு எச்சரிக்கைச் செய்தி வருகிறது, சரி. எழுந்து போய்ப் பார்க்க ஆள் வேண்டாமா? கஜா புயலுக்குப் பிறகு டெல்டா கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாட்களில் மூடியைத் திறக்காமல் காப்பதா, கோல்ட் பாக்ஸில் மாற்றி வேறிடம் அனுப்புவதா என்று முடிவெடுப்பது அங்கே இருக்கும் மனிதர்தான். பெட்டிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை அந்த மனிதர்களுக்கு, அவர்களின் பயிற்சிக்கு, மெக்கானிக்கின் பயணப்படிக்கு ஒதுக்குங்கள் என்று அரசிடம் இந்தப் பக்கத்தின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கைக்குழந்தை வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தட்டம்மைக் குப்பியைக் கலந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். "மத்தியானம் வேலை முடிச்சிட்டு வரேன்" என்று சொல்லாமல், அவர்கள் குறித்த நேரத்துக்குப் போங்கள். "இன்னும் கொஞ்சம் இருங்கம்மா" என்று செவிலியர் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்று சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். நான்கு மணிக்குச் செவிலியர் திரும்பி வந்தார், சேலை முந்தானை வியர்வையில் நனைந்திருந்தது. திறக்காத குப்பிகளை மருந்தாளுநர் எண்ணி வாங்கி, சதுரத்தின் நிறம் பார்த்து, கூடையில் வைத்தார். சுவரில் தொங்கிய வெப்பநிலை அட்டையில், அந்த மாதத்தில் அதுவரை வந்த ஞாயிற்றுக்கிழமைகள் உட்பட ஒரு கட்டம்கூடக் காலியில்லை. வெப்பமானியைப் பார்த்து 'மாலை, 4 டிகிரி' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

அன்புடன்,
ஆசிரியர்