மருந்தின் எல்லையை வணிகர் வகுப்பதா?

மார்பகப் புற்றுநோய் யாவும் ஒரே தன்மையின அல்ல. மெல்ல வளர்வனவும் உள. விரைந்து பரந்து உயிர் குடிப்பனவும் உள. கலங்களின் மேற்புறத்தே "ஹேர்-2" என்னும் புரதம் அளவிறந்து பெருகும் வகை, அத்தகைய கொடியவற்றுள் ஒன்று. நோயுற்றோருள் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பேர் இவ்வகையினர். இப்பெருக்கம் உள்ளவரிடத்தே நோய் விரைவில் மீள்கின்றது என்பதை, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து டென்னிஸ் சிலேமனும் அவர் குழுவினரும் 1987ஆம் ஆண்டில் உலகுக்கு உணர்த்தினர்.

களைகொல்லும் நஞ்சை வயலெங்கும் தெளித்தாற் பயிரும் வாடும் என்பதை உழவர் அறிவர். பழைய புற்றுநோய் மருந்துகளின் இயல்பு அதுவே. ஹேர்-2 புரதத்தை மட்டும் நாடிப் பற்றும் பிறபொருளெதிரியாகிய ட்ராஸ்டுசுமாப், 1998இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சத்திர சிகிச்சைக்குப் பின் ஏனைய மருந்துகளோடு இதனையும் வழங்கின், நோய் மீளும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றதென 2005இல் வெளியான ஆய்வுகள் காட்டின. மாபெரும் வெற்றி இது, மறுப்பாரிலர்.

ஆயினும், இம்மருந்தை எத்தனை காலம் கொடுத்தல் வேண்டும்? ஓராண்டு என்றனர். அவ்வெல்லை குறுகிய காலத்தோடு ஒப்புநோக்கித் தெளிந்ததன்று. பெரும் ஆய்வுகளை வகுத்தோர் தாமே தெரிந்துகொண்டது. மருந்தை விற்கும் நிறுவனத்தின் ஆதரவில் நடந்த ஆய்வொன்று ஈராண்டு கொடுத்துப் பார்த்தது, பயன் கூடவில்லை. குறைத்துப் பார்க்கும் எண்ணம் வணிகருக்கு எழவில்லை. எழுமென எதிர்பார்த்தலும் பேதைமையன்றோ?

அவ்வினாவை எழுப்பியது பொதுப்பணம். பிரித்தானியாவில் 4,000 பெண்களுக்கு மேற்பட்டோர் பங்குகொண்ட ஆய்வின் முடிவு 2019இல் வெளியாயிற்று. நான்காண்டு முடிவில் நோயின்றி வாழ்ந்தோர், ஓராண்டு மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 89.8, ஆறு மாதம் பெற்றவருள் 89.4. இருதயம் நலிந்தமையால் மருந்தை இடையில் நிறுத்தியோரோ, முன்னவருள் நூற்றுக்கு எண்மர், பின்னவருள் மூவர்.

பிரான்சில் நிகழ்ந்த இத்தகைய ஆய்வொன்று ஆறு மாதம் ஓராண்டுக்குக் குறைந்ததன்று என்று நிறுவத் தவறியது என்பதையும் மறைத்தல் தகாது. எனவே ஓராண்டே இன்றும் பொது விதியாக நிற்கின்றது. நோயாளர் எவரும் தாமே மருந்தைக் குறைத்துக் கொள்ளலாகாது. ஆனால், எவருக்கு ஆறு மாதம் போதும், எவருக்குப் போதாது என்று தெளியும் பணி எஞ்சியுள்ளது. "மலிவுக்காக உயிரோடு விளையாடுவதா?" என்று வினவுவாரும் உளர். தேவைக்கு மேல் மருந்து கொடுத்து இருதயத்தை நலியச் செய்தலும் உயிரோடு விளையாடுதலே. பணமின்றி ஓராண்டு மருந்தை எட்டாதவளுக்கோ, ஆறு மாதம் என்பது வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட எல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் இம்மருந்தை இன்றியமையாதவற்றின் பட்டியலிற் சேர்த்தது. 2013 முதல், இப்பிறபொருளெதிரியே நச்சு மருந்தைச் சுமந்து சென்று புற்றுக்கலத்துள் இறக்கும் புதிய வகையும் வழங்கப்படுகின்றது. இனியும் பல வரும், வருக! ஆனால், புதிய மருந்தை அனுமதிக்கும் அரசுகள், "எவ்வளவு போதும்?" என்ற ஆய்வையும் பொதுப்பணத்தில் உடன் தொடங்குதல் வேண்டும். பாய்ச்ச வேண்டிய நீரின் அளவைப் பயிரைப் பார்த்தே உழவன் துணிகின்றான். நீர் விற்பவனைக் கேட்டன்று.